புதன்கிழமை வாசிப்பு

எழில்மதி வயலினில் வில்லை இழுத்து முதல் சுரம் முழுதாக வெளியே வருவதற்குள் அருண்ராஜ் அடித்துவிட்டான். ஒரே அடி. அடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மறுபடி இழுத்தாள். அவன் மறுபடி அடித்தான். மூன்றாம் முறை இழுப்பது போல வில்லைத் தூக்கிப் போக்குக் காட்டினாள். அவன் ஏமாறவில்லை. அவள் நிஜமாகவே இழுத்த நொடியில் டிரம் குச்சிகள் இரண்டும் சடசடவென்று இறங்கி அவளுடைய சுரத்தை மிதித்துக்கொண்டு ஓடின. சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது இசை. கன்னத்தில் அறைய முடியாத ஒருவன் அதற்குப் பதிலாகக் கண்டுபிடித்த வழி அது என்பது எழில்மதிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் அவள் நூலகர். புதன்கிழமை கடைசி இரண்டு வகுப்புகள் மன்றங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. சிலர் செஸ் ஆடினார்கள், சிலர் மரம் நட்டார்கள். நிலவியல் துறைத் தலைவர் சிவப்பிரகாசம் ஏதோ ஒரு மாநாட்டுக்கு ஜெர்மனி போயிருந்தபோது, அங்கே பேராசிரியர்களும் மாணவர்களும் கேன்டீன் சமையற்காரரும் ஒரே அறையில் உட்கார்ந்து, எழுதி வைத்த பாட்டு எதுவும் இல்லாமல், அப்போதைக்குத் தோன்றியதை வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்தார். 2014 ஜூலையில் தன் துறையின் பழைய ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டு, இஷ்டமுள்ளவர்கள் வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார். தெரிந்த பாட்டை வாசிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று கேட்டு அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி. அவர் புல்லாங்குழல். எலக்ட்ரீஷியன் அய்யனார் கீபோர்டு. முதலாம் ஆண்டு சரிதா வெறும் குரல். கல்லும் நிலக்கரித் துண்டும் அடுக்கிய ரேக்குகளுக்கு நடுவே அவர்கள் எழுப்பிய சத்தத்தைக் கேட்டு வாட்ச்மேன்கள், உள்ளே யாருக்கோ சாமி வந்துவிட்டது என்று சிரித்தார்கள்.

எழில்மதி வேடிக்கை பார்க்கத்தான் முதலில் போனாள். அவளுடைய அப்பா மைன்ஸில் ஃபோர்மேனாக இருந்தவர். மகளைப் பன்னிரண்டு வருடம் வயலின் வகுப்புக்கு அனுப்பினார். அந்தப் பன்னிரண்டு வருடமும் வாத்தியார் தொடையில் தாளம் போட்டபடி, தப்பு, தப்பு என்று சொன்னதுதான் அவளுக்கு ஞாபகம். கல்யாணத்துக்குப் பிறகு வயலின் குவார்ட்டர்ஸ் பரணில் ஏறியது, பதினெட்டு வருடம் இறங்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் அதை இறக்கித் தூசி தட்டிக் கொண்டுபோனாள். தப்பு என்று ஒன்று அங்கே இல்லை என்பதை அவள் நம்புவதற்கு மூன்று புதன்கிழமைகள் ஆயின. நான்காவது புதன்கிழமை அவள் ஒரே சுரத்தை ஐந்து நிமிடம் விடாமல் இழுத்தாள், சரிதாவின் குரல் அதன் மேல் கொடி மாதிரி ஏறிக்கொண்டு போனது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கம்பெனி பஸ்ஸில், இறங்க வேண்டிய பதினெட்டாம் வட்டத்து நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

ஐந்தாவது புதன்கிழமை அருண்ராஜ் கழுத்தில் டிரம்மை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். நெல்லிக்குப்பத்துப் பையன், எம்.எஸ்ஸி. நிலவியல் கடைசி வருடம். ஊரில் கல்யாணம், திருவிழாவுக்குப் போகிற பேண்டு செட்டில் அடிப்பவன். சிவப்பிரகாசம்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார். எழில்மதி வில்லைக் கீழே வைத்துவிட்டாள்.

அவன் அந்தக் கடைசி வருடத்தை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அவள். 2013 நவம்பரில் நூலகத்தின் ரெபரன்ஸ் பிரிவில், வெளியே தராத ஒரு பழைய நில ஆய்வுத் தொகுதியிலிருந்து ஏழு வரைபடங்கள் பிளேடால் அறுத்து எடுக்கப்பட்டிருந்தன. பதிவேட்டில் அந்தத் தொகுதிக்கு நேராக அருண்ராஜின் கையெழுத்து மூன்று முறை இருந்தது. மறுநாள் வாசலிலேயே அவனை நிறுத்தி, எல்லோரும் பார்க்க, பையைத் தரையில் கொட்டச் சொன்னாள். பென்சில் டப்பாவில் அரை பிளேடு ஒன்று இருந்தது. வரைபடம் இல்லை. ஆனாலும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு பக்கம் அறிக்கை எழுதினாள், நல்ல தமிழில், எண் போட்டு. விசாரணைக் குழு அவனை ஒரு வருடம் தேர்வு எழுதக் கூடாது என்று நிறுத்தியது. குஜராத்தில் ஆழ்துளைக் கம்பெனி ஒன்றில் அவனுக்குக் கிடைத்திருந்த வேலை அதோடு போயிற்று.

அப்படிப்பட்டவனோடு வட்டமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்றால் எப்படி? செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, டிரம் மட்டும்தான் பேசியது. சரிதா பாடினால் விளிம்பில் விரலால் மழை மாதிரி தட்டுவான். அய்யனார் கீபோர்டில் தடுமாறினால் அவர் நிற்பதற்கு ஒரு இடம் போட்டுக் கொடுப்பான். எழில்மதி வில்லைத் தூக்கினால் அடி விழும். அவளும் சும்மா இருக்கவில்லை. அவன் மெல்ல ஒன்றைக் கட்டிக்கொண்டு வரும்போது மேல் தந்தியில் கண்ணாடியைக் கீறுகிற மாதிரி ஒரு இழுப்பு இழுப்பாள். அவன் தாடை இறுகும். அதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட, அடுத்த வாரம் அவனை எங்கே வெட்டலாம் என்று யோசித்தாள்.

ஜனவரி இரண்டாம் வாரம் சிவப்பிரகாசம், பிப்ரவரியில் வரும் வளாக ஆண்டு விழாவில் அரை மணி நேரம் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று அறிவித்தார். அன்றைக்குத்தான் அருண்ராஜ் அதைச் செய்தான்.

சரிதா பாடி ஓய்ந்த இடைவெளியில் அவன் குச்சியைத் திருப்பிப் பிடித்து, மர விளிம்பில் தட்டினான். டொக், டொக். நிறுத்தம். டொக். நிறுத்தம். டொக், டொக், டொக். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு சரிதா வாயைப் பொத்திக்கொண்டாள். புத்தக அடுக்குகளுக்கு இடையே, யாராவது பேசுகிறார்களா, யாராவது தூங்குகிறார்களா என்று நின்று நின்று நடக்கிற எழில்மதியின் குதியுயர்ந்த செருப்பு அது. அவள் இடது காலைக் கொஞ்சம் தேய்த்து வைப்பதுகூட அதில் இருந்தது. கடைசியில் டிரம்மின் திருகாணியில் ஒரு தட்டு தட்டினான். டிங். கவுன்டரில் அவள் அடிக்கிற மேசை மணி. சரிதாவின் சிரிப்பு விரல்களைத் தாண்டி வெடித்தது. அய்யனார் கீபோர்டு ஒயரைச் சரிபார்ப்பது போல் குனிந்துகொண்டார்.

எழில்மதி வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். 

"அடுத்த வாரம் இவன் இங்க இருந்தா நான் வரமாட்டேன் சார்."

"நான் இன்னா மேடம் பண்ணேன்?" அருண்ராஜ் கேட்டான். ஐந்து மாதத்தில் அவளிடம் அவன் சொன்ன முதல் வாக்கியம் அது. "மனசுல தோணுனத வாசிச்சேன். அதான ரூலு?"

சிவப்பிரகாசம் புல்லாங்குழலைத் துணியால் துடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார். "ரெண்டு பேரும் வேணும். இத இதோட விட்ருங்க."

"திருடனும் வேணும், நூலகரும் வேணும்னா எப்படி சார்?"

அருண்ராஜ் சிவப்பிரகாசத்தையே பார்த்தான். எழில்மதியை அவன் பார்க்கவில்லை என்பதை அவள் அப்போது கவனித்தாள், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் சிவப்பிரகாசத்தின் அறைக்குப் போனாள். அவனா நானா என்று எழுதிய ஒரு கடிதம் கையில் இருந்தது. அவர் வகுப்பில் இருந்தார். அட்டெண்டர் அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டுப் போனான். சற்று நேரத்தில் மேசைத் தொலைபேசி அடித்தது. அவர்தான்.

"வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. ஒரு பத்து நிமிஷம். அந்த இரும்பு அலமாரியில மைக் ஒயர் கிடக்கும், அய்யனார் வந்தா குடுத்துருங்க, ஆடிட்டோரியத்துல டெஸ்ட் பண்ணணுமாம்."

அலமாரியில் ஒயர் கீழ்த்தட்டில் சுருண்டு கிடந்தது. இழுத்தபோது, பின்னால் சாய்த்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் குழாய் உருண்டு வெளியே விழுந்தது. மூடி கழன்று, உள்ளே சுருட்டியிருந்த தாள்கள் பாதி வெளியே வந்தன. பழுப்பேறிய கெட்டித் தாள். ஓரம் நேர்க்கோட்டில் அறுக்கப்பட்டிருந்தது. மூலையில் நூலகத்தின் நீள்வட்ட முத்திரை, அதற்குள் நீல மையில் பதிவு எண். ஏழு என்ற இலக்கத்துக்குக் குறுக்குக் கோடு போடுவது அவளுடைய பழக்கம். இருபத்து மூன்று வயதில், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அவள் எழுதிய எண் அது. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஏழு இருந்தன.

துறைத் தலைவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அது நூலக விதி. விசாரணைக் குழுவில் இருந்த மூன்று பேரில் சிவப்பிரகாசம் ஒருவர். அன்று அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தாளில் கையெழுத்திட்டதையும், அவருக்கு மாணவன் மேல் அவ்வளவு வருத்தம் என்று தான் நினைத்துக்கொண்டதையும் எழில்மதி நினைத்தாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் உள்ளே வந்து, அவளையும் தாள்களையும் பார்த்து, கதவைச் சாத்தினார். பொய் சொல்ல முயலவில்லை.

"ஜெராக்ஸ் மெஷின்ல அந்த அளவு தாள் போகல. ஒரு ரிப்போர்ட்டுக்கு அவசரமா வேண்டியிருந்தது. ஒரு வாரத்துல திரும்ப ஒட்டி வச்சுரலாம்னுதான் எடுத்தேன். அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க."

"கண்டுபிடிச்சேனா?"

"காணோம்னு கண்டுபிடிச்சீங்க."

"கமிட்டியில உக்காந்திருந்தீங்களே சார். அந்தப் பையன் நின்னு அழுதானே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை. "எனக்கும் தூக்கம் இல்ல. அவனுக்கு ப்ராஜெக்ட்ல உதவி பண்றேன். வெளிய ரெண்டு இடத்துல சொல்லி வச்சிருக்கேன். இந்தக் கூட்டத்துக்கு அவனக் கூப்பிட்டதே அதுக்குத்தான்."

"இத ஏன் கிழிச்சுப் போடாம வச்சிருந்தீங்க?"

"மனசு வரல. புஸ்தகம் மேடம் அது."

அதைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபம் அவள் வாழ்நாளில் யார் மேலும் வந்ததில்லை. எழுந்து நின்றாள். "நான் ரிஜிஸ்டிராருக்கு எழுதப் போறேன்."

அவர் முகம் மாறியது. குரல் தாழ்ந்தது, ஆனால் கெஞ்சவில்லை. "எழுதுங்க. எழுதும்போது முழுசா எழுதுங்க. வரைபடத்த வெட்டினது நான். அவன் பேர எழுதினது யாரு? பதிவேட்டுல அந்த மாசம் அதே தொகுதிக்கு நாலு பேர் கையெழுத்து இருந்துச்சு. நாலு பேர்ல அவன் பையத்தான் கொட்டினீங்க. ஏன் அவன்? நெல்லிக்குப்பத்துலேருந்து பஸ்ல வர்றவன், பேண்டு அடிக்கிறவன், கேக்க நாதி இல்லாதவன். மத்த மூணு பேரும் டவுன்ஷிப் புள்ளைங்க. ஒருத்தனோட அப்பா உங்க வீட்டுக்காரருக்கு மேலதிகாரி. இது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

எழில்மதி தாள்களைச் சுருட்டிக் குழாய்க்குள் தள்ளினாள். அவள் அப்படி யோசித்துச் செய்யவில்லை என்பது உண்மை. யோசிக்காமலே செய்திருக்கிறாள் என்பதும் உண்மையாக இருந்தது. குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். மைக் ஒயருக்காக வந்த அய்யனார் வாசலில் நின்று, அவள் கையில் இருந்ததைப் பார்த்தார்.

அன்று மாலை கணவன் அன்புச்செல்வனிடம் சொன்னாள். அவர் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து, லுங்கி மாற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாராச்சும் உன்னக் கேட்டாங்களா எழிலு?"

"எத?"

"எடுத்தது யாருன்னு. கேட்டாங்களா? இல்லல்ல. அந்தக் குழாய எங்கேருந்து எடுத்தியோ அங்கயே வச்சிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை அவள் பண்ருட்டி போய் வேறு பஸ் மாறி நெல்லிக்குப்பத்தில் இறங்கினாள். கரும்பு அரவை நடந்துகொண்டிருந்தது. ஊர் முழுவதும் பாகு தீய்ந்த வாடை. ரயில் கேட்டைத் தாண்டி டிராக்டர்கள் வரிசையாக நின்றன. விசாரித்துக்கொண்டு போனபோது, அருண்ராஜின் அம்மா கஸ்தூரியம்மாள் வாசலில் மாட்டுக்குக் கரும்புத் தோகை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆரு வோணும்?"

"அருண்ராஜ் இருக்காருங்களா? காலேஜ்லேருந்து வர்றேன். லைப்ரரி."

அரிவாள் நின்றது. அந்த அம்மாள் அவளைச் செருப்பிலிருந்து தலை வரை பார்த்தாள்.

"எம்புள்ள பைய நடுவாசல்ல கொட்டுனது நீங்கதானா?"

"ஆமாங்க."

"அந்த வருசம் பூரா வூட்டுல குந்திகினு இருந்தான். சோறு எறங்கல. ஊர்ல கேக்காத ஆளு கெடையாது. இன்னாத்தத் திருட்னான்னு கேக்கறாங்க, காயிதம்னு சொன்னா நம்ப மாட்டறாங்க. அவங்கப்பாரு வெளிய தல காட்டாம கெடந்தாரு. இப்ப இன்னாத்துக்கு வந்து நிக்கிறீங்க? இன்னும் எதுனா காணுமா?"

"நான் தப்பா எழுதிட்டேங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அத எங்கிட்ட சொல்றீங்க. ஊருக்கு ஆரு சொல்லுவா?" கஸ்தூரியம்மாள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். உட்காரச் சொல்லவில்லை. வெயிலில் நின்றுகொண்டு, எழில்மதி அரிவாள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அருண்ராஜ் சைக்கிளில் வந்தான். அவளைப் பார்த்ததும் இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றான். அவள் அலமாரியைச் சொன்னாள், குழாயைச் சொன்னாள், முத்திரையைச் சொன்னாள். பாதியில் அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அதே அலமாரிதான். புதங்கெழம கூட்டத்துல சேந்த ரெண்டாவது வாரம் என்னையும் ஒயர் எடுக்கத்தான் அனுப்புனாரு. கொழாய் அங்கதான் இருந்துச்சு. மறந்துட்டாரா, நான் பாக்கட்டும்னு அனுப்புனாரான்னு இன்னைக்கி வரைக்கும் தெரியல."

"நாலு மாசமா தெரியுமா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"ஆருகிட்ட சொல்லச் சொல்றீங்க? உங்ககிட்டயா?"

அவன் சைக்கிளிலிருந்து இறங்கினான்.

"புதங்கெழம புதங்கெழம அவரு மூஞ்சிக்கு நேரா போயி நின்னேன். என்னப் பாத்தா அவரு கண்ணு கீழ போவும். குழல் ஊதும்போது மூச்சு தட்டும். அது போதும்னு வந்துகினு இருந்தேன். உங்களுக்குக் கண்ணு கீழ போவல மேடம். எடுத்தவருக்கே கூச்சம் இருக்குது, உங்களுக்கு இல்ல. போன புதங்கெழம வரைக்கும் திருடன்னுதான் சொன்னீங்க. எனக்கு அவரு மேல இருக்கறதவிட உங்க மேலதான் ஆத்திரம்."

"எழுதிக் குடுக்கப் போறேன். என்னையும் சேர்த்து."

"குடுங்க. குடுக்காம போங்க. அத இவ்ளோ தூரம் வந்து எங்கிட்ட சொல்லி, நீங்க நல்லவங்கன்னு நான் சொல்லணுமா?" அவன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனான். கதவை அறைந்து சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தித் தாழ் போட்டான்.

திங்கட்கிழமை அவள் எழுதிக் கொடுத்தாள். இந்த முறை எண் போடவில்லை. வரைபடங்கள் எங்கே கிடைத்தன என்று எழுதினாள். பதிவேட்டில் நான்கு பேர் கையெழுத்து இருந்தும் ஒருவனை மட்டும் சோதித்ததற்குத் தன்னிடம் காரணம் ஏதும் இல்லை என்று எழுதினாள். அந்த வாக்கியத்தை எழுத மட்டும் ஒரு மணி நேரம் ஆனது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. சிவப்பிரகாசம் உடல்நலக் காரணம் காட்டி நீண்ட விடுப்பில் போனார். அவருக்கு விடைபெறும் விழா இல்லை, விசாரணையும் இல்லை. அருண்ராஜ் மீதான தண்டனை ரத்து செய்யப்படுகிறது என்று இரண்டு வரி ஆணை வந்தது, ஆனால் அவன் இழந்த வருடத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எழில்மதிக்கு ஒரு மெமோ கொடுத்து, நூலகத்திலிருந்து தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் நீளமான அறை. ஜன்னல் இல்லை. புதன்கிழமைக் கூட்டம் கலைக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்துக்குப் புதுப்பூட்டு போட்டார்கள். ஆண்டு விழாவில் அந்த அரை மணி நேரத்தில் மாணவர்கள் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள்.

யாரும் அவளைப் பாராட்டவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் இவ்வளவு வெறுப்பை எதிர்பார்த்திருக்கவில்லை. பேராசிரியர்கள் கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேசையிலிருந்து டம்ளரோடு எழுந்து போனார்கள். முப்பது வருடம் பாடம் எடுத்த மனிதரை ஏழு காகிதத்துக்காகத் தெருவில் இழுத்தவள் என்று பேசினார்கள். சரிதா எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அய்யனார் மட்டும் நேருக்கு நேர் சொன்னார். தேர்வுப் பிரிவில் டியூப்லைட் மாற்ற வந்தவர், ஸ்டூலின் மேல் நின்றபடியே சொன்னார்.

"எனக்கு வாரத்துல ரெண்டு மணி நேரம்தான் மேடம் இருந்துச்சு. மிச்ச நேரமெல்லாம் பல்பு மாட்டற வேலதான். அந்த ரெண்டு மணி நேரத்த நீங்க எடுத்துட்டீங்க. நியாயம்தான் பண்ணீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு உங்களப் புடிக்கல." லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டிலும் வாசிக்க முடியவில்லை. அன்புச்செல்வன், பதிவேட்டில் மகன் பெயர் இருந்த மேலதிகாரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து குவார்ட்டர்ஸில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் சுவரைத் தட்டினார்கள். ஆனால் கை கேட்டது. மார்ச்சில் ஒரு புதன்கிழமை, கடைசி இரண்டு வகுப்பு நேரத்தில், அவள் வயலினைத் தூக்கிக்கொண்டு நிலவியல் துறைப் பணிமனைக்குப் பின்னால் போனாள். ஆழ்துளை மண் மாதிரிகளை வைக்கிற மரப்பெட்டிகள் அங்கே ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து வாசித்தாள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத வாசிப்பு. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் அடுத்த வாரமும் போனாள்.

ஏப்ரல் முதல் புதன்கிழமை, அடுக்கின் மறுபக்கத்திலிருந்து அருண்ராஜ் வந்தான். அன்று அவனுக்கு வாய்மொழித் தேர்வு முடிந்திருந்தது. முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கழுத்தில் டிரம். எங்கேயாவது பேண்டு செட்டுக்குப் போகிற வழியாக இருக்கலாம். பத்தடி தள்ளி நின்று அடிக்க ஆரம்பித்தான்.

ஆய்வுக்கூடத்தில் அவன் அடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று எழில்மதிக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கே மற்றவர்கள் இருந்தார்கள், அவன் அளந்து அடித்தான். இங்கே அளவு இல்லை. ஒவ்வொரு அடியும் மரப்பெட்டிகளில் மோதி, அவள் உட்கார்ந்திருந்த பலகை வழியாக முதுகுத்தண்டில் ஏறியது. அவள் வாசித்தது அவளுக்கே கேட்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. நிறுத்தினால் அவனும் நிறுத்திவிட்டுப் போய்விடுவான் என்றும் தோன்றியது. அவள் நிறுத்தவில்லை. மேல் தந்தியில் கீறி அவனை வெட்டவும் முயலவில்லை. கீழ்த்தந்தியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, கேட்கிறதோ இல்லையோ, இழுத்துக்கொண்டே இருந்தாள். தோள்பட்டை வலித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பணிமனை ஆட்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, சண்டையைப் பார்த்த மாதிரி தலையை இழுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் அவன்தான் நிறுத்தினான். களைத்ததனால் அல்ல, அவன் முகத்தில் களைப்பே இல்லை. குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைக் கையால் கழுத்தைத் துடைத்தான். அவளுடைய சுரம் இப்போது தனியாகக் கேட்டது. மெலிந்து, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு.

அப்போது வேறொரு சத்தமும் கேட்டது. மிக மெல்லிய சரசரப்பு, காய்ந்த இலையை யாரோ விரலால் தேய்ப்பது போல. எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேருமே தேடினார்கள். டிரம்மின் அடித்தோலை ஒட்டி இழுத்துக் கட்டியிருந்த கம்பிச் சுருள்கள் தாமாக அதிர்ந்துகொண்டிருந்தன. அவள் வில்லை அழுத்தினால் சரசரப்பு கூடியது, தளர்த்தினால் குறைந்தது. அருண்ராஜ் குனிந்து, தன்னைக் கேட்காமல் பேசுகிற டிரம்மைப் பார்த்தான். அவன் முகம் இளகவில்லை. கம்பிகளைத் தோலிலிருந்து விலக்கிச் சரசரப்பை நிறுத்துவதற்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் இருந்தது. அவனுடைய கட்டைவிரல் அதன் மேல் போய் உட்கார்ந்தது. எழில்மதி வில்லின் நுனி வரை வந்துவிட்டாள். திருப்பி, அதே சுரத்தை மறுபடி இழுத்தாள். கம்பிகள் அதிர்ந்தன. அவன் விரல் நெம்புகோலின் மேலேயே இருந்தது.